இடது முழங்கைக்குக் கீழே

1985-ஆம் ஆண்டு. குடியாத்தம் பக்கம் ஒரு சிற்றூரில் மாடியறை எடுத்துத் தங்கியிருந்த அந்த இளைஞர், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கதவைத் தாழிடுவார். சட்டையைக் கழற்றுவார். பால்பாயின்ட் பேனாவை வலது கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடி, இடது முழங்கைக்குக் கீழே மெல்லத் தொடுவார். தெரிகிறதா? தெரிகிறது. இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு முறை. தெரிகிறது. அப்புறம் புறங்கை, சுண்டுவிரல், காது மடல். பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது முக்கால் மணி நேரம் ஆகும். படுத்த பிறகு சந்தேகம் வரும். எழுந்து விளக்கைப் போட்டு மறுபடி முதலிலிருந்து.

பகலெல்லாம் ஊராருக்கு அவர் செய்துவந்த சோதனைதான் அது. அரசின் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் களப்பணியாளர். வீடு வீடாகப் போய், வெளிச்சமான இடத்தில் ஆட்களை நிற்க வைத்து, முதுகு, கை, கால், முகம் பார்க்க வேண்டும். நிறம் மங்கிய தேமல் இருந்தால் பேனா முனையால் தொட்டு, "கண்ணை மூடிக்கிட்டு, தொட்ட இடத்தை விரலால காட்டுங்க" என்பார். தொட்டது தெரியாமல் நிற்பவர்களும் உண்டு. அந்த நொடியில் எதிரில் இருப்பவரின் வாழ்க்கை மாறிவிடும். அவருக்குப் பெட்டியில் மருந்து இருந்தது. தன்னுடைய ராத்திரிக்குத்தான் மருந்து இல்லை. தானே தொட்டுத் தானே உணர்வதெல்லாம் சோதனையே ஆகாது என்பதும் தெரியும். தெரிந்தே மூன்று வருடம் செய்தார்.

இப்போது அறுபதைத் தாண்டிவிட்ட அவர், இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதில்லை. தோல் நோயைக் கண்டு நடுங்குகிறவர்கள் தங்களுக்குப் படிப்பறிவு போதவில்லை என்றோ, மனத்தில் கருணை இல்லை என்றோ நினைத்துக் குன்றிப்போகிறார்கள், அதற்காகவே சொல்கிறார்.

படிப்புக் குறைவாக இருந்து வந்த பயம் இல்லை அவருடையது. செங்கல்பட்டில் பயிற்சி பெற்றவர். நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் 1873-இல் அந்தக் கிருமியைக் கண்ட கதையும், அதற்கு முன்பு அதே ஊரில் டேனியல்சன் என்ற மருத்துவர் நோயாளியின் உடலிலிருந்து எடுத்ததைத் தன் உடம்பிலேயே செலுத்திக்கொண்டும் நோய் வராமல் போன கதையும் அவருக்கு மனப்பாடம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் பிறவியிலேயே உண்டு. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நெடுநாள் நெருங்கி வாழ்ந்தால்தான் தொற்றுவதற்கு வாய்ப்பு. ரிஃபாம்பிசின் முதல் வேளை உள்ளே போனதுமே பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும், சில நாட்களில் நோயாளியிடமிருந்து யாருக்கும் பரவாது. இதையெல்லாம் திண்ணை திண்ணையாகப் போய்ச் சொல்வதே அவர் வேலை. நன்றாகச் சொல்வார். ஊர்க்காரர்கள் கேட்டுத் தெளிந்தார்கள்.

கிருமி உடலில் புகுந்து நோயாகத் தலைகாட்டச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும், சிலருக்கு இருபதுகூட ஆகலாம் என்பதும் அதே பாடத்தில்தான் இருந்தது. பயம் பிடித்த மனம் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டது. இன்றைக்குத் தேமல் இல்லை என்றால் என்ன, அடுத்த வருடம் வரலாமே. இருபது வருடத்துக்கு எப்படி உத்தரவாதம் வாங்குவது?

விதை அதற்கும் முன்னால் விழுந்திருந்தது. அவருடைய சிறு வயதில், தெருக்கோடி மாட்டுக் கொட்டகையில் ஒரு பெரியவரைத் தனியே வைத்திருந்தார்கள். சாப்பாடு மதில் மேல் வைக்கப்படும். "அந்தப் பக்கம் போனா பெருவியாதி ஒட்டிக்கும்டா" என்று பாட்டி சொன்னதைவிட, சொன்ன பிறகு அவள் முந்தானையால் தன் வாயைத் துடைத்துக்கொண்டதுதான் அவருக்கு நினைவில் தங்கியது. சொல்லைப் பாடப் புத்தகம் அழித்துவிட்டது. துடைத்த கை அழியவில்லை.

அவரை உலுக்கிய நாள் ஒன்று உண்டு. பீடி சுற்றும் ஓர் அம்மாள், நாற்பது வயதுக்குள்தான். இலையைச் சுருட்டி நுனியை மடிக்கும்போது சுண்டுவிரல் ஒத்துழைக்கவில்லை என்று கணக்குப்பிள்ளை கூலியைக் குறைத்திருந்தார். கத்தரிக்கோல் வெட்டியதே தெரியாமல் விரலில் பழைய காயங்கள். முழங்கையின் உட்புறத்தில் நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. மருத்துவர் பார்த்து, கிருமி அதிகமுள்ள வகை என்று எழுதினார். அந்த நாளில் அதற்குக் குறைந்தது இரண்டு வருட மருந்து. மாதம் ஒரு வேளை மருந்தைப் பணியாளரின் கண்ணெதிரில் விழுங்க வேண்டும். அதற்காக அவர் மாதந்தோறும் போனார்.

மூன்றாவது மாதம், மாத்திரை விழுங்கிவிட்டு, அந்த அம்மாள் எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். "வெயில்ல வந்திருக்கீங்க தம்பி."

"இப்பதாம்மா குடிச்சேன்."

அந்த அம்மாள் அவரை ஒரு கணம் பார்த்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான்காவது மாதம் டீ வரவில்லை. ஐந்தாவது மாதமும் வரவில்லை. பயம் என்பது தன் அறைக்குள் நடக்கிற சொந்த விவகாரம் என்று அதுவரை எண்ணியிருந்தவருக்கு, அது இன்னொருவர் மீது போய் விழும் அடி என்று அப்போதுதான் புரிந்தது. க்ளோஃபாசிமின் மாத்திரையால் அந்த அம்மாளின் தோல் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. மருந்து நின்றால் நாளாவட்டத்தில் தெளிந்துவிடும் கறுப்புதான். ஆனால் தெருவே அதைப் பார்த்து விலகிக்கொண்டிருந்த சமயம். மருந்து கொடுக்கிறவரும் விலகினால் அந்த அம்மாள் யாரிடம் போவார்?

தன் பயத்தை அவர் முதலில் சொன்னது ஒரு மூத்த பிசியோதெரபி டெக்னீஷியனிடம். எல்லாரும் அண்ணே என்று கூப்பிடும் மனிதர். கேட்டுவிட்டு அண்ணன் உடனே ஆறுதல் சொல்லவில்லை. பால் பிராண்டின் கதையைச் சொன்னார். வேலூர் சி.எம்.சி.யில் நாற்பதுகளின் இறுதியில், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியவர் பிராண்ட். விரல்கள் குறைவதற்கு நோய் தின்பது காரணமில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே காரணம் என்று உலகுக்கு விளக்கியவரும் அவரே. அந்த பிராண்ட் ஒரு பயணத்தின் முடிவில் லண்டனில் விடுதி அறையில் காலுறையைக் கழற்றும்போது ஒரு குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல், குடும்பத்தை விட்டு எப்படி விலகி வாழ்வது என்று யோசித்துக் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். வலியில் கத்திவிட்டார். ரயிலில் நெடுநேரம் உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

"அவ்வளவு பெரிய டாக்டருக்கே ஒரு ராத்திரி போச்சு. உனக்கு எத்தனை ராத்திரிடா போச்சு?" என்று கேட்டார் அண்ணன். ஏறக்குறைய ஆயிரம் என்று கணக்குப் போட்டுச் சொன்னபோது இவருக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே அண்ணன் அவரைக் காலணிப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டார். உணர்ச்சியற்ற பாதங்களுக்கென எம்.சி.ஆர். ரப்பரில் மெத்தென்று செருப்பு செய்வார்கள். முதல் வாரம் காகிதத்தில் பாதத்தின் அளவு வரைவது. பென்சில் மட்டுமே பாதத்தை உரசும். இரண்டாம் வாரம் பழைய செருப்பைக் கையில் எடுத்துத் தேய்மானம் பார்ப்பது. பிறகு, வறண்டு வெடித்த பாதங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, சொரசொரப்பைத் தேய்த்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவுவது. புண் உள்ள பாதம் என்றால் கையுறை போட வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அது தொழில் ஒழுங்கு. புண் இல்லாத பாதத்தைத் தொட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடக்கூடாது. "அரை மணி நேரம் சும்மா உக்காரு. உள்ளே என்ன நடக்குதுன்னு பாரு" என்பார்.

நடந்தது இதுதான். முதல் ஐந்து நிமிடம் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை எரிவதுபோல் இருக்கும். கழுவினால் உடனே நிம்மதி என்று கை பரபரக்கும். பத்தாம் நிமிடம் அது உச்சிக்கு ஏறும். அதற்குப் பிறகு, ஒன்றுமே செய்யாமலேயே, இறங்க ஆரம்பிக்கும். அந்த இறக்கத்தை அவர் வாழ்க்கையில் அதுவரை பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் உச்சிக்கு வரும் முன்பே கழுவியோ பேனாவால் சோதித்தோ தப்பி ஓடியிருந்தார்.

அண்ணன் எந்த உளவியல் நூலும் படித்தவர் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, ஒரு பயிற்சி முகாமில் மனநலப் பேராசிரியர் ஒருவர் பேசக் கேட்டபோதுதான் இவருக்கு விளங்கியது. தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்பே, அஞ்சும் பொருளைப் படிப்படியாக நெருங்க வைக்கும் முறையை 1958-இல் நூலாக எழுதினார். பயத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போடும் வழக்கமும் அவர் தந்ததுதான். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் இன்னொன்றைச் சேர்த்தார்: நெருங்க வைத்தால் மட்டும் போதாது, நெருங்கிய பின் கழுவுவது, சரிபார்ப்பது போன்ற சடங்குகளையும் தடுக்க வேண்டும். காலணிப் பிரிவின் மர ஸ்டூலில் நடந்தது இரண்டும் சேர்ந்த வைத்தியம்.

தோல் நோயின் மீதான அச்சம், உயரத்தைக் கண்டோ நாயைக் கண்டோ வரும் அச்சத்திலிருந்து கொஞ்சம் வேறானது. இதில் அருவருப்பு கலந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் சகாக்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கிருமி நீக்கம் செய்த செத்த கரப்பானைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள். சுத்தமானது என்று தெரிந்தும் பலருக்கும் குடிக்கப் பிடிக்கவில்லை. ஒருமுறை தொட்டது என்றென்றும் தொட்டதே என்று மனம் கணக்கு வைக்கிறது. "ஒட்டாது, பயப்படாதே" என்று நூறு முறை சொன்னாலும் பயம் போகாததன் காரணம் அங்கே இருக்கிறது. அறிவோடு பேசிக்கொண்டிருக்கிறோம். அருவருப்போ வேறொரு அறையில் உட்கார்ந்திருக்கிறது.

தாமரைக் காயைப் பார்த்தாலே உடம்பு கூசுகிறவர்களும் உண்டு. குழிகுழியாக, நெருக்கமாக அமைந்த எதுவும் அவர்களைக் குமட்ட வைக்கும். அம்மை, சிரங்கு போன்று தோலில் கொத்தாகக் கிளம்பும் நோய்களிலிருந்து விலகி ஓடச் சொல்லும் பழைய உள்ளுணர்வு அளவு மீறிப் போனதே இது என்பது ஆய்வாளர்கள் சிலரின் விளக்கம். அவருக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. நோய் உள்ளதிலிருந்து விலகுவது உடம்பைக் காக்கப் பிறந்த குணம்தான். எல்லை தெரியாமல் வளர்ந்துவிட்டது, அவ்வளவே.

ஓய்வு பெற்ற பிறகு, அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவில் வாரம் இரண்டு நாள் ஆலோசகராக உட்கார்ந்தார். அங்கேதான் அந்தப் பெண் வந்தாள். பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுதியில் அறைத் தோழிக்குக் காளாஞ்சகப்படை, முழங்கையில் வெள்ளைச் செதில். அது தொற்று நோயே இல்லை. உடலின் எதிர்ப்பு மண்டலம் தோல் செல்களை அவசர அவசரமாக வளரத் தூண்டுவதால் வருவது. தோழியே இணையத்தில் படித்துக் காட்டினாள். இவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் படுக்கை விரிப்பில் ஒரு செதிலைப் பார்த்த நாளிலிருந்து கை கழுவ ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. ஒரு சோப்பு இரண்டு நாள் வரும். கதவுக் கைப்பிடி, பேருந்துக் கம்பி, பலாப்பழத் தோல் எதையும் தொட முடியவில்லை. கழுவிக் கழுவியே விரல் இடுக்குகள் சிவந்து வெடித்துத் தோல் உரிந்தது. அந்த உரிதலைப் பார்த்து, நோய் வந்தேவிட்டது என்று நம்பினாள். பயமே நோயைப்போல ஒன்றைத் தோலில் உண்டாக்கி, அதையே சாட்சியாக நீட்டியது.

அவள் அப்பா நிலத்தரகர், நல்ல மனிதர். "என் கைல ஏதாவது இருக்காப்பா?" என்று அவள் ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை கேட்பாளாம். ஒவ்வொரு தடவையும் விளக்கைப் போட்டு, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "ஒண்ணுமில்லடா கண்ணு" என்பாராம். அப்பாவின் அந்த அன்புதான் நோய்க்குத் தீனி என்று சொல்ல வேண்டிய கடமை இவருக்கு. முப்பது வருடம் வீடு வீடாக ஆறுதல் சொல்லிப் பிழைத்தவர் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. ஒரு முறை சொல்லும் தகவல் மருந்து. இருபதாம் முறை சொல்லும் அதே தகவல், இவர் ராத்திரியில் எடுத்த பேனாவேதான்.

தனியாக இதைக் கையாளக் கூடாது என்று அவருக்குத் தெரியும். மனநலப் பிரிவின் உளவியலாளர் பொறுப்பேற்றார். சாதாரண அச்சத்தைத் தாண்டி எண்ணச் சுழற்சி நோயாகிவிட்டது என்று கண்டறிந்தார்கள். மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். தோல் மருத்துவர் வெடித்த கைக்குக் களிம்பு கொடுத்தார். ஏணி கட்டும் வேலையில் உளவியலாளர் இவரையும் சேர்த்துக்கொண்டார்.

ஏணியின் படிகளை அந்தப் பெண்ணே எழுதி மதிப்பெண் போட்டாள். 'செதில்' என்ற சொல்லை எழுதுவது 20. கறுப்பு வெள்ளைப் படம் 35. வண்ணப் படம் 50. தோல் பிரிவின் வராந்தாவில் நிற்பது 60. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்காருவது 75. அறைத் தோழியின் கையைப் பிடிப்பது 95. தோழியின் விரிப்பில் படுப்பதற்கு நூறு போட்டுவிட்டுத் தாளைத் திருப்பி வைத்துவிட்டாள். ஒவ்வொரு படியிலும், முடித்ததும் கழுவாமல் காத்திருக்க வேண்டும். முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு சாப்பாட்டு வேளை வரை. அப்பாவுக்கும் வீட்டுப்பாடம் இருந்தது. கேள்வி வந்தால், "இது பயம் கேக்குற கேள்விம்மா, அப்பா பதில் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவர் படியிறங்கித் தெருவுக்குப் போய் அழுதார் என்று மனைவி சொன்னார்.

பெஞ்சில் உட்கார்ந்த நாளில் பக்கத்தில் வெண்புள்ளி உள்ள ஒரு தபால் ஊழியர் இருந்தார். அதை இன்னும் 'வெண்குஷ்டம்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறமி செல்கள் குறைவதால் வரும் வெறும் நிற மாற்றத்துக்கு அப்படி ஒரு பெயரை ஒட்டவைத்து எத்தனை திருமணங்களைக் கெடுத்திருக்கிறோம்! பாதிக்கப்பட்டவர்களே இயக்கமாகத் திரண்டு கேட்ட பிறகு தமிழக அரசு 'வெண்புள்ளி' என்ற சொல்லை ஏற்றது. தொழுநோயாளிகளை அடைத்துவைக்க 1898-இல் வந்த சட்டம் 2016-இல்தான் நீங்கியது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கும் வழி 2019-இல் அடைபட்டது. அச்சம் தனி மனிதர்களிடம் மட்டும் குடியிருக்கவில்லை. சட்டப் புத்தகத்திலும் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. தபால் ஊழியர் அந்தப் பெண்ணிடம் பேனா கேட்டார். கொடுத்தாள். திருப்பி வாங்கிப் பையில் வைத்தாள். 75 என்று எழுதியிருந்த இடத்தில் அன்று 40 என்று திருத்தினாள்.

ஆறாவது வாரம் எல்லாம் சரிந்தது. விடுதியில் நிஜமாகவே சிரங்கு வந்துவிட்டது. நான்கு பெண்களுக்கு விரல் இடுக்கில் அரிப்பு, ராத்திரியில் அதிகம். "நான் சொன்னேன்ல!" என்று அவள் போனில் கதறினாள். அந்த வாரத்தைத்தான் அவர் முக்கியமானதாக நினைக்கிறார். சிரங்கு தொற்றும், அதை மறைக்கக் கூடாது. தோலுக்குள் துளைக்கும் சிறு பூச்சி அது. முதன்முறை வருகிறவருக்கு அரிப்புத் தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம் என்பதால் நெருங்கிப் பழகிய எல்லாருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தேவை. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால் வரை தடவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. துணி, விரிப்பு எல்லாம் சுடுநீரில் துவைக்க வேண்டும். வெட்கப்பட்டு மருந்துக் கடையில் ஏதோ ஒரு கலவைக் களிம்பை வாங்கித் தடவினால் ஸ்டீராய்டு சேர்ந்து நோய் உருமாறிவிடும். படர்தாமரையில் அந்தக் கூத்தால் நாடு முழுக்கப் படும் பாட்டைத் தோல் பிரிவில் தினமும் பார்க்கிறார்கள்.

"டாக்டர் சொன்னதை அத்தனையும் செய்யலாம், ஒரு படி குறையாம," என்றார் அவளிடம். "அதுக்கு மேல ஒரு படி கூடவும் செய்யக் கூடாது." அவள் செய்தாள். இரண்டு முறை களிம்பு, ஒரு முறை சலவை. எச்சரிக்கைக்கு ஒரு முடிவு உண்டு, பயத்துக்குத்தான் முடிவே கிடையாது என்பதை அவள் அந்தச் சிரங்கை வைத்துத்தான் பிடித்துக்கொண்டாள் என்று உளவியலாளர் பிறகு சொன்னார்.

பீடி சுற்றிய அந்த அம்மாளுக்கு 1988-இல் மருந்து முடிந்தது. கடைசி அட்டையைக் கொடுக்கப் போன அன்று, "அம்மா, டீ இருக்குமா?" என்று அவராகவே கேட்டார். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் அடுப்பை மூட்டினார். டம்ளர் அதே டம்ளர். குடித்து முடித்த பிறகு, "அன்னைக்கு எனக்குப் பயமா இருந்துச்சும்மா" என்றார் இவர். "தெரியும் தம்பி. எனக்குந்தான் பயமா இருந்துச்சு" என்றார் அந்த அம்மாள்.

போன மாதம் அந்தப் பெண் அழைத்தாள். படிப்பை முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறாள். கையில் ஒரு தடம் தெரிகிறதாம், படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். தொட்டால் தெரிகிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது: இரண்டு வாரம் கழித்தும் இருந்தால் ஒரே ஒரு மருத்துவர், ஒரே ஒரு முறை. மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. "சரி சார், கேக்கல. ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்றேன்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து அழைப்பு வரவில்லை. அதற்கும் மூன்று நாள் தள்ளிப் பேசினாள். தங்கைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, அதே விடுதி, அதே மாடி என்று சொன்னாள். தடத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.